மனம் தளரும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் எடுக்கும் வேலைக்கு வந்து எனக்கு 17 வருடம் ஆகிறது. கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை இறக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மனிதர்கள் மனம்விட்டுப் பேசிவிடுவார்கள். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள்: "அக்கா, ராத்திரி தூக்கமே இல்லை, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாமா?"

பார்க்கலாம். டியூபில் ரத்தம் எடுத்தால் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் மனதுக்கு என்ன ஆயிற்று என்று அந்த எண்ணால் பெரும்பாலும் சொல்ல முடியாது. ஹார்மோன் ஓரிடத்தில் நிற்பதில்லை. சில நிமிடங்களில் ஏறி இறங்குவது உண்டு, காலைக்கும் இரவுக்கும் இடையே ஏறி இறங்குவது உண்டு, மாதச் சுற்றில் போவது உண்டு, யாரும் கவனிக்காதபடி பல மாதங்களில் மெல்ல நகர்வதும் உண்டு. உங்கள் மனம் இதில் எந்தச் சுற்றோடு சேர்ந்து தளர்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க ஊசி தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். அந்த நோட்டை எப்படிப் போடுவது, எப்படிப் படிப்பது, படித்த பின் என்ன செய்வது என்று சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இது மருத்துவரிடம் போவதற்கு முன்னாலும், போன பின்னாலும் உதவும் வேலை.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். வேலை நெருக்கடி, கடன், சண்டை என்று வெளியிலிருந்து அழுத்தும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான் பெயர். எதிலும் நாட்டமில்லாமல், வெளியே எந்த நெருக்கடியும் இல்லாவிட்டாலும் வாரக்கணக்கில் மனம் விழுந்து கிடக்கும் மனச்சோர்வுக்கும் அதே பெயர். "எனக்கு மன அழுத்தம்" என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவருக்கு எது என்று தெரிவதில்லை. பல சமயம் சொல்பவருக்கும் தெரிவதில்லை. அதனால் "எல்லாருக்கும்தானே இருக்கிறது, ரெஸ்ட் எடு" என்ற பதிலோடு மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஸ்ட்ரெஸ் வேறு, மனச்சோர்வு வேறு. உங்கள் நோட்டிலும் அப்படியே பிரித்து எழுதுங்கள்.

நோட்டு போடும் முறை

சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். கைபேசியிலும் எழுதலாம், ஆனால் நடு இரவில் அதைத் திறந்தால் வேறு எதெல்லாமோ கண்ணில் படும், காகிதம்தான் நல்லது. ஒவ்வொரு நாள் பக்கத்தின் தலையிலும் படுத்த நேரம், எழுந்த நேரம், சாப்பிட்ட மாத்திரைகள், கடைசியாகக் காபியோ தேநீரோ குடித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மாதவிடாய் வருபவர்கள் அதன் முதல் நாளை வட்டமிட்டு 1 என்று எண்ணத் தொடங்குங்கள். அதற்குக் கீழே நாளுக்கு மூன்று வரி: எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று, நண்பகலில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இடையில் மனம் திடீரென்று சரிந்தாலோ படபடத்தாலோ அந்த நேரத்துக்கு ஒரு வரி கூடுதல்.

வரியில் நான்கு விஷயம்: மணி, உடம்பில் என்ன, மனதுக்கு எத்தனை மதிப்பெண், சற்று முன்னால் என்ன நடந்தது. படுக்கையை விட்டு எழவே முடியாத நிலைக்கு 0, நல்ல நாளுக்கு 10. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த 14 மாதங்களில் நான் எழுதிய நோட்டிலிருந்து இரண்டு வரி:

செவ்வாய், இரவு 3.10. நெஞ்சு படபட, உள்ளங்கை ஈரம். மனம் 2. ஒன்றும் நடக்கவில்லை, விழிப்பு வந்தது.

செவ்வாய், மாலை 6.30. தோள் கனம், தலைவலி இல்லை. மனம் 6. தம்பி வந்து ஒரு மணி நேரம் அப்பாவோடு இருந்தான்.

உடம்பை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'கவலையாக இருந்தது' என்று எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தெரியும். 'கை நடுங்கியது', 'வயிறு இறுகியது', 'கால் இரும்பாகக் கனத்தது' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது வகை பிரிக்க முடியும். அதே போல, அன்றன்றைக்கே எழுதுங்கள். சோர்ந்திருக்கும் மனதுக்குப் போன வாரம் முழுவதுமே இருட்டாகத்தான் இருந்தது போலத் தோன்றும். அந்த வாரத்தில் ஒரு 7 இருந்ததை நோட்டுதான் ஞாபகம் வைத்திருக்கும்.

மூன்று வாரம் எழுதினால் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். மாதவிடாய் வருபவர்கள் இரண்டு முழுச் சுற்றுகள் எழுத வேண்டும். ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து எழுதுங்கள். விட்ட நாளைக் கற்பனையில் நிரப்ப வேண்டாம்.

நிமிடங்களில் ஏறி இறங்குவது

திடீர் படபடப்பு, வியர்வை, வாய் உலர்தல், கை நடுக்கம். நோட்டில் இவை அரை மணிக்குள் வந்து போவதாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அட்ரினலின் செய்யும் வேலை. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து சில நொடிகளில் அது ரத்தத்தில் கலக்கிறது. 'சண்டையிடு அல்லது ஓடு' என்று இந்த நிலையை வால்டர் கேனன் விவரித்தது 1915-ல்.

அட்ரினலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும். அப்படியானால் ஏன் ஒரு மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது? ஒவ்வொரு நினைப்பும் புதிதாக அதைச் சுரக்கச் செய்கிறது. "அவர் அப்படிச் சொன்னாரே" என்று பத்தாவது முறை நினைக்கும்போது உடம்புக்கு அது பத்தாவது சண்டை.

இந்தப் பின்னலை உடம்பின் பக்கமிருந்து அறுப்பதுதான் எளிது. மூக்கால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தாழ்கிறது, நீண்ட வெளிமூச்சு அந்தத் தாழ்வை நீட்டிக்கிறது. ஊசியைப் பார்த்ததும் வெளிறிப்போகிறவர்களை நான் எப்போதும் இப்படித்தான் மூச்சு விடச் சொல்வேன். பத்து பேரில் எத்தனை பேருக்குப் பலித்தது என்று எண்ணியதில்லை, ஆனால் நரம்பு கிடைப்பது எளிதாகிறது என்பதைக் கையால் உணர்ந்திருக்கிறேன். முதல் முறையாக நெஞ்சு வலியோடு படபடப்பு வந்தால் மட்டும் மூச்சுப் பயிற்சியில் நேரம் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் படபடப்பு வந்த உடனே சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை தாழும்போதும் உடம்பு அட்ரினலினைத்தான் கொட்டுகிறது, அது அச்சத்தைப் போலவே இருக்கும்.

அட்ரினலினுக்குப் பின்னால் மெதுவாக வருவது கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ரத்தத்தின் வழியே அட்ரினல் சுரப்பியின் மேல்புறணிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் வெளியே வருகிறது. செய்தி மூன்று கை மாறுவதால் நேரமாகிறது. ஒரு சண்டை தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் ரத்தத்தில் அது உச்சத்தைத் தொடும், இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். குரல்கள் அடங்கி, "சரி, இப்போது நிதானமாகிவிட்டேன்" என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில்தான் மூளை கார்டிசாலில் நனைந்திருக்கிறது.

அந்த நேரத்தில் மூளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு எளிமையான ஒரு சோதனை உண்டு. 2000-ல் டொமினிக் டி குவர்வைன் குழுவினர், சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மறுநாள், அவற்றை நினைவுகூர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடம்பில் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களால் குறைவான சொற்களையே நினைவுக்குக் கொண்டுவர முடிந்தது. படித்தது எங்கும் போய்விடவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. தேர்வு அறையிலும் நேர்முகத்திலும் தலை வெறுமையாவது இதனால்தான். அறிவுக் குறை என்று அதை எடுத்துக்கொண்டு நொந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

ஆகவே நோட்டின் அட்டைக்குள் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள்: சண்டை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பதில் அனுப்புவதில்லை, ராஜினாமா எழுதுவதில்லை, உறவை முறிப்பதில்லை. எழுந்து நடங்கள். நெருக்கமான ஒருவர் பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரிக்கப்பட்ட பெண்கள் கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, மூளையில் அபாயத்துக்குப் பதில் சொல்லும் பகுதிகள் அடங்கியிருந்ததை ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006-ல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவது

சண்டையே இல்லாத நாளிலும் கார்டிசால் சுரந்துகொண்டுதான் இருக்கும். பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழித்த பின் 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பகல் முழுவதும் சரிந்து, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தில் கிடக்கும். காலை உச்சி நோயில்லை. உங்களை எழுப்பி நிற்க வைப்பதே அதுதான். அதனால்தான் கார்டிசால் பரிசோதனைக்கு 8 மணி வாக்கில் வரச் சொல்கிறோம். மாலையில் எடுத்தால் அதே ஆளுக்கு அதில் பாதிகூட இருக்காது.

நோட்டில் இரவு இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு என்று திரும்பத் திரும்ப வருகிறதா? நாளெல்லாம் தள்ளிவைத்த கவலைகள், கார்டிசால் ஏறத் தொடங்கும் அந்த வேளையில் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. எனக்கு அப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தேடும். அந்த நேரத்தில் வாழ்க்கையைப் பற்றி எடுத்த ஒரு முடிவையும் நான் காலையில் ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே 3 மணி நினைப்புகளை நோட்டில் ஒரே வரியில் எழுதி, 'காலை 10-க்குப் பார்க்க' என்று பக்கத்தில் குறிப்பேன். 10 மணிக்கு உண்மையிலேயே பார்ப்பேன். பார்க்காமல் விட்டால் மனம் அடுத்த இரவு அந்தக் குறிப்பை நம்பாது.

தூக்கத்தைச் சரி செய்யும்போது படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் ஒரே மணிக்கு எழுந்து, அரை மணிக்குள் வெளியே வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்பின் கடிகாரம் கண்ணில் படும் காலை ஒளியை வைத்துத்தான் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. காபியை நண்பகலோடு நிறுத்துங்கள். காஃபின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது, மாலை 5 மணிக் கோப்பையில் கால்வாசி இரவு 3 மணிக்கும் உள்ளே இருக்கும். என் நோட்டில் முதலில் சிக்கியது அதுதான். மாலைக் காபி இருந்த நாட்களுக்கும் 3 மணி விழிப்புக்கும் இடையே கோடு போட்டுப் பார்த்தபோது ஒன்பதில் ஏழு பொருந்தின. காபியை நிறுத்தியதால் அப்பாவின் நோய் குறையவில்லை. ஆனால் தூங்கி எழுந்த எனக்கு அதைத் தாங்க முடிந்தது.

நடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்க் எரிக்சன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் முதியவர்கள் 120 பேர் இருந்தார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம், ஒரு வருடம் நடந்தவர்களுக்கு நினைவைக் காக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. வெறும் கைகால் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு அது வயதுக்கேற்பச் சுருங்கியது. ஓட வேண்டாம், நடந்தால் போதும்.

ஹிப்போகேம்பஸ் ஏன் முக்கியம் என்றால், கார்டிசாலை "போதும், நிறுத்து" என்று சொல்லும் இடங்களில் அதுவும் ஒன்று. எலியின் ஹிப்போகேம்பஸில் இந்த ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்வதை புரூஸ் மெக்யுவன் 1968-ல் காட்டினார். அழுத்தம் நாள் கணக்கில் நீண்டால் நிறுத்தச் சொல்லும் அந்த இடமே நலிகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் என்று 10 நாள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்தபோது ஹிப்போகேம்பஸ் மீண்டது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது. "பிரச்சினை தீர்ந்துவிட்டதே, இன்னும் ஏன் பயப்படுகிறாய்?" என்று யாராவது உங்களைக் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எலிக்குக் கண்டது அப்படியே மனிதருக்கும் என்று சொல்லிவிட முடியாது, என்றாலும் அப்பா எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் பல மாதம் தொலைபேசி மணி அடித்தால் எனக்கு நெஞ்சு அதிரும்.

மனிதரில் நல்ல செய்தியும் இருக்கிறது. தேர்வுக்காக ஒரு மாதம் கடுமையாகப் படித்த மருத்துவ மாணவர்களுக்குக் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்ததை 2009-ல் கானர் லிஸ்டன் குழுவினர் கண்டார்கள். அழுத்தம் குறைந்து ஒரு மாதம் ஆனதும் அது திரும்பிவிட்டது. ஆகவே நீண்ட நெருக்கடியிலிருந்து வெளியே வந்தவுடன் மூளை வேலை செய்யவில்லை என்று பயந்துவிடாதீர்கள். அதற்கு ஒரு மாதம் கொடுங்கள், அந்த மாதத்தில் புதுப் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள்.

மாதச் சுற்றில் வருவது

என் தங்கை மூன்று வருடம் தன்னைக் கோபக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை நல்ல வேலையை விட்டாள். கடைசியில் நான் கெஞ்சியதால் நோட்டு எழுதினாள். இரண்டாவது சுற்று முடிந்து பக்கங்களை மேசையில் பரப்பியபோது வேறு யாரும் சொல்லத் தேவையே இல்லை. 19-ஆம் நாளிலிருந்து மதிப்பெண் 3, 2, 2, 1. மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாள் 7. அடுத்த சுற்றிலும் அச்சு அசலாக அதே. வேலையை விட்ட தேதிகளைத் தேடி எடுத்தோம். இரண்டுமே அந்தப் பள்ளத்தில்தான் இருந்தன. "அப்ப நான் இப்படி இல்லையாக்கா?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

இதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை என்பதைத் தொழில் அறிந்தவளாகச் சொல்கிறேன். மாதவிடாய்க்கு முன் மனம் கடுமையாகக் குலையும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவுகள் பொதுவாக இயல்பாகவே இருக்கும். பீட்டர் ஷ்மிட் குழுவினர் 1998-ல் செய்த ஆய்வில், பெண்களின் சொந்த ஹார்மோன் சுற்றை மருந்தால் நிறுத்திவிட்டு, ஹார்மோன்களை வெளியிலிருந்து ஒரே அளவில் கொடுத்தார்கள். ஏற்கெனவே இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் மனம் மறுபடி சரிந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் எல்லாருக்கும் ஒன்றுதான், அதன் ஏற்ற இறக்கத்தை அந்த மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு பெண்ணை அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதிலிருந்து புரியும். நோய் என்று உறுதி செய்வதற்கே மருத்துவர்கள் இரண்டு சுற்றுகளின் அன்றாடக் குறிப்பைத்தான் கேட்கிறார்கள். அதாவது உங்கள் நோட்டே பரிசோதனை.

சிகிச்சை உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதற்கு வெகு சீக்கிரம் பலன் தருவதால், சுற்றின் பின்பாதியில் மட்டும் எடுத்துக்கொள்ளவும் சிலருக்கு மருத்துவர் சொல்வார். சிலருக்குக் கருத்தடை மாத்திரைகளில் சில வகை பொருந்தும். அது மருத்துவரும் நீங்களும் பேசி முடிவு செய்ய வேண்டியது. நீங்களாகச் செய்யக்கூடியது ஒன்று: பள்ளமான நாட்களை வரப்போகும் மாதத்தின் காலண்டரில் முன்கூட்டியே மெல்லிய கோடாகப் போட்டு, பெரிய பேச்சுவார்த்தைகளை அந்த நாட்களுக்கு அப்பால் தள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்தக் கோடு தெரிந்திருக்கட்டும். மாதம் முழுவதுமே மதிப்பெண் தாழ்ந்திருந்து, மாதவிடாய்க்கு முன் இன்னும் தாழ்கிறது என்றால் கதை வேறு. அடியில் மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு முதலில் சிகிச்சை வேண்டும்.

நாற்பதுகளில் சுற்றே ஒழுங்கு தப்பத் தொடங்கும்போது, முன்பு ஒருபோதும் மனச்சோர்வு வராதவர்களுக்கும் வருவதுண்டு. ஹார்மோன் வாரத்துக்கு வாரம் தாறுமாறாக ஏறி இறங்கும் காலம் அது. ஒரு நாள் எடுத்த ரத்தம் மறுவாரத்துக்குச் செல்லாது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே மருத்துவர் முடிவு செய்வார். இரவு வெப்ப அலையும் வியர்வையும் எந்த மணிக்கு எழுப்பின என்று எழுதுங்கள். பல சமயம் முதலில் கெடுவது தூக்கம், மனம் அதன் பின்னால் போகிறது.

மெல்ல நகர்வது

இந்தப் பகுதியில் என் தவறும் இருக்கிறது. என் இரண்டாவது குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். ஊசி பிடிக்கும் கை நடுங்கியது, இதயம் ஓடியது, எடை தானாக இறங்கியது. தூக்கமின்மை என்று நினைத்தேன். ஏழாம் மாதம் எல்லாம் தலைகீழாயிற்று. படி ஏறக் கால் கனத்தது, நோயாளிகளின் பெயரை ஒட்டும்போது இரண்டு தடவை படித்தால்தான் மனதில் நின்றது, குழந்தை சிரித்தால்கூட உள்ளே ஒன்றும் அசையவில்லை. நான் கெட்ட அம்மா என்று முடிவு செய்துகொண்டேன். நாளுக்குப் பத்து இருபது பேருக்குத் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கிற எனக்கு, என் கையில் ஒரு டியூப் எடுக்கத் தோன்றவில்லை.

குழந்தை பால் குடித்த நேரங்களை எழுதிய நோட்டின் ஓரத்தில் 'கை நடுக்கம்', 'கால் கனம்' என்று கிறுக்கி வைத்திருந்தேன். தடுப்பூசிக்குப் போனபோது அதைப் புரட்டிய மருத்துவர்தான் "உங்களுக்கு டி.எஸ்.எச். பார்த்தீர்களா?" என்று கேட்டார். டி.எஸ்.எச். என்பது தைராய்டைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. எனக்கு வந்திருந்தது பிரசவத்துக்குப் பிந்திய தைராய்டு அழற்சி. முதலில் தைராய்டு ஹார்மோன் கசிந்து அதிகமாகிப் பதற்றத்தைப் போலக் காட்டும், சில மாதத்தில் குறைந்துபோய் மனச்சோர்வைப் போலக் காட்டும். பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் தானே சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். எனக்கு சில மாதம் வெறும் வயிற்றில் மாத்திரை, ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் என்று போய்ச் சரியானது.

ஆகவே நோட்டில் சுற்று எதுவுமே தெரியாமல், மதிப்பெண் வாரத்துக்கு வாரம் சரிந்துகொண்டே போனால், கூடவே எடை மாற்றம், குளிர் தாங்காமை அல்லது வெப்பம் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல் இருந்தால், தைராய்டைப் பாருங்கள். ரத்தசோகையையும் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மூன்றும் மனச்சோர்வின் வேடத்தில் வரும். இவை சரியாக இருந்தும் மனம் எழவில்லை என்றால் அது மனச்சோர்வுதான், அதற்கும் சிகிச்சை உண்டு.

பிரசவித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழந்தை பிறந்த சில நாட்களில் கர்ப்பகால ஹார்மோன்கள் செங்குத்தாக விழுகின்றன. முதல் வாரத்தின் அழுகை பெரும்பாலோருக்கு வரும், போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-லிருந்து இதற்காகவே இருக்கிறது. குழந்தையைக் காட்டப் போகும்போது "அந்தப் பத்துக் கேள்வியை எனக்கும் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

ஆஸ்துமா, மூட்டு அழற்சி போன்றவற்றுக்கு பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், தொடங்கிய தேதியையும் அளவு மாறிய தேதியையும் நோட்டில் சிவப்பில் எழுதுங்கள். அது கார்டிசாலின் உறவுதான். தூக்கம் கெடுவது, காரணமில்லாத உற்சாகம், எரிச்சல், சோர்வு எல்லாம் அதனால் வரலாம். மனம் கெடுகிறதே என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொந்தமாகக் கார்டிசால் சுரப்பதை மறந்திருக்கும் உடம்பு திடீரென்று கைவிடப்படும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசிக்கு வரும் முன்

மருத்துவர் கேட்டால் மட்டும் கார்டிசால் பாருங்கள். கார்டிசால் உண்மையிலேயே மிகுந்து போகும் குஷிங் நோய் என்று சந்தேகம் வந்தால், அதற்கு இரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர், முந்தைய இரவு ஒரு மாத்திரை கொடுத்து மறுநாள் 8 மணிக்கு ரத்தம் என்று தனி முறைகள் இருக்கின்றன. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், அது கார்டிசால் எண்ணை உயர்த்திக் காட்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்திவிட்டு வாருங்கள். சில கருவிகளில் அது தைராய்டு முடிவைத் தலைகீழாக்கிவிடும், இல்லாத நோயைக் காட்டும். ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதானால் காலையில், அதுவும் நன்றாகத் தூங்கிய வாரத்தில் பாருங்கள். 'அட்ரினல் களைப்பு' என்று சொல்லி விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை, அந்த மாத்திரைகள் சிலவற்றில் லேபிளில் சொல்லாத தைராய்டு ஹார்மோனும் ஸ்டீராய்டும் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது.

நோட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான வழியை யோசிப்பது, இல்லாத குரல் கேட்பது, இரண்டு மூன்று நாள் தூங்காமலே தளர்ச்சியில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது, பிரசவித்த பெண் குழம்பிப் பேசுவது அல்லது குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது. இதில் எது இருந்தாலும் இன்றைக்கே மருத்துவமனை. தனியாகப் போக வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் முதல் நாளே எழுதி வையுங்கள்.

இவ்வளவு அவசரமில்லை, ஆனால் இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் விழுந்தே கிடக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால், மூன்று வாரக் குறிப்பு முடியட்டும் என்று பார்க்காதீர்கள். எழுதிய வரையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் நோட்டு முழுவதையும் நீட்டினால் அவருக்குப் படிக்க நேரம் இருக்காது. ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். மேலே தேதிகள், கீழே மதிப்பெண்களைப் புள்ளியாக வைத்து இணைத்த ஒரு கோடு, மாதவிடாய் நாட்களுக்கு வட்டம், மருந்து மாறிய நாளுக்குச் சிவப்புக் குறி. ஓரத்தில் மூன்று வரி: எந்த மணியில் அல்லது எந்த நாளில் சரிகிறது, உடம்பில் கூடவே என்ன வருகிறது, அதனால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். 'சோர்வாக இருக்கிறது' என்பதைவிட, 'பதினோரு நாளில் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை' என்பதை அவரால் எடைபோட முடியும். என் தங்கை அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றை மருத்துவரிடம் கொடுத்தாள். இன்னொன்றின் பின்பக்கத்தில் அவர் சொன்ன மாத்திரையின் பெயர், பலன் தெரிய எத்தனை நாள் ஆகும், என்ன பக்கவிளைவு வந்தால் கூப்பிட வேண்டும், அடுத்து வர வேண்டிய தேதி என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு, பிறகுதான் எழுந்தாள்.